கிழக்குப் பாதி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு மேற்கே அந்த மணல்காட்டைக் காட்டி, பதினாறு வருஷத்துக்கு முன் நிலத்துக்காரர் ஸி தாஹர் ஹ்மெய்தாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நட்டு ஆளாக்கு. நல்லாக் காய்க்கிற அன்னைக்குப் பாதி மரமும் பாதி மண்ணும் உனக்கு." இந்தப் பக்கத்து வழக்கம் அது. காணி இல்லாதவன் காணி பார்க்க வேறு வழியும் கிடையாது. ஹ்மெய்தா கயிற்றில் இருபத்துநாலு மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சுக்கு ஒன்றாகத் தொண்ணூற்றாறு ஒலிவக் கன்று நட்டான். நெருக்கி நட்டால் பெய்கிற கொஞ்ச மழை ஒன்றுக்கும் பற்றாது.

பிரிக்கிறதிலும் வழக்கம் உண்டு. கோடு போடுவது உழைத்தவன். எந்தப் பாதி வேண்டும் என்று சொல்வது நிலத்துக்காரன். எது கைக்கு வந்தாலும் வயிறு காயாதபடி இரண்டையும் ஒன்றுபோல வளர்த்தாக வேண்டும். மேற்கே ஆழமான மணல், கன்று தானாக எழும்பியது. கிழக்கே ஒரு முழம் தோண்டினால் வெள்ளைப் பாறை. அங்கே குழிக்குக் குழி கடப்பாரை போட்டான். கோடைதோறும் கழுதை வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் இழுத்தான். ஆட்டெரு முழுக்க அங்கேதான் போனது. இடுப்பும் அங்கேதான் போனது. இப்போது பார்க்கிறவனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பிரிக்கிற நாள் காலையில் மனைவி ஸஅதியா ரொட்டியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே சொன்னாள்:

"கோட்டைக் குறுக்கால போடேன். ரெண்டு மண்ணும் ரெண்டு பேருக்கும் வரும்ல."

"அப்ப நான் கிழக்க கெடந்து செத்தது எதுக்கு? எந்தப் பக்கம் எடுத்தாலும் ஒண்ணுதான்னு காட்டத்தானே. ஸி தாஹர் மகன் வந்து பாக்கட்டும்."

"பாக்குறவனா இருந்தா சரி."

ஸி தாஹர் செத்து இரண்டு வருஷமாயிற்று. காரில் வந்தது மகன் நிஸார். ஆறாவது வரிசைக்கும் ஏழாவதுக்கும் நடுவே ஹ்மெய்தா கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தான். சாட்சிக்கு வந்த கிழவர் அம்மார் கல்லில் உட்கார்ந்து சிகரெட் புகைத்தார். நிஸார் ஒரு மரத்தையும் தொடவில்லை. அண்ணாந்து பார்த்து ஹ்மெய்தாவைக் கேட்டான்:

"பெரியப்பா, கரண்டுக் கம்பி அந்தப் பக்கந்தானே போகுது?"

"ஆமா ஸி நிஸார். கிழக்க."

"அப்ப கிழக்கு எனக்கு."

"மரத்த நடந்து பாத்துட்டுச் சொல்லுங்க. மேக்கயும் எளைச்சது இல்ல."

"மரத்த வச்சு நான் என்ன பண்ண? அடுத்த வாரம் மெஷின் வருது, எல்லாத்தையும் பிடுங்கிரும். மோட்டார் போட்டு, வேலி மாதிரி நெருக்கிப் புது ஒலிவக் கன்னு நடப்போறேன். மூணே வருஷத்துல காய். பறிக்கிறதும் மெஷினே."

"தின்கிறதும் அதுதானா?" என்றார் அம்மார். நிஸார் சிரித்தான். ஹ்மெய்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"காய் மரத்துல நிக்குது. அதையாவது..."

"பறிச்சுக்கங்க பெரியப்பா. ஒரு வாரம் இருக்கு."

ஒரு வாரமும் ஹ்மெய்தாவும் ஸஅதியாவும் விரல் கிழியாதபடி ஆட்டுக்கொம்பு நுனிகளை உறையாக மாட்டிக்கொண்டு கிளை கிளையாக உருவினார்கள். ஏணியை நகர்த்தும்போது ஒரு தடவை அவள் கேட்டாள்: "குறுக்கால போட்டிருந்தா?" அவன் ஏணியின் காலைச் சரிபார்த்தான்.

மெஷின் வந்த அன்று முதல் மரமே அதை மல்லுக்கு இழுத்தது. வேர் பாறைக்குள் போயிருந்தது. ஓட்டுகிறவன் கபேஸ் ஊர்க்காரன், முகமெல்லாம் புழுதி. மூன்று தடவை இழுத்தான், நான்காவதில் மெஷின்தான் முன்னால் சாய்ந்தது. இறங்கிவந்து மரத்தை உதைத்தான்.

"எவன்யா இத நட்டது?"

"நான்தான்," என்றான் ஹ்மெய்தா.

அவன் ஹ்மெய்தாவை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நாப்பத்தெட்டு இருக்குண்ணே. இப்படியே போனா எனக்கு முதுகு மிஞ்சாது."

ஹ்மெய்தா மரத்தைச் சுற்றி நடந்து, தெற்குப் பக்கம் குதிகாலால் மண்ணைக் கீறினான்.

"இங்கேருந்து தோண்டித் தூக்கு. பாறைய நான் இந்தப் பக்கமாத்தான் ஒடச்சேன். எல்லாக் குழியும் அப்படித்தான்."

மரம் அடுத்த இழுப்பில் வந்துவிட்டது. ஹ்மெய்தா இரண்டாவது மரத்துக்கு நடந்து, அங்கேயும் தெற்கே ஒரு கோடு கீறினான்.