ஆர்லிஸ் வாங்கிய அடி

கேலனுக்குப் புத்தி பிசகத் தொடங்கிய வருஷம், அவன் அக்கா ஆர்லிஸ் அதைக் குடி என்று நினைத்தாள். குடியாக இருந்திருந்தால் தேவலை. அவர்கள் ஊரான ஆஷ்கிரீக்கில் குடிகாரனுக்கு ஒரு இடம் உண்டு. புதன்கிழமை தோறும் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, காபி குடித்து, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். தம்பிக்கு வந்த நோய்க்கு அந்த மாவட்டம் முழுக்கத் தேடினாலும் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

அவனுடைய சங்கடம் தண்ணீர். கிணற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னான். அதோடு குழாய்த் தண்ணீரை விட்டான். மழையையும் உருகின பனியையும் ஊறுகாய் ஜாடிகளில் பிடித்து டிராக்டர் கொட்டகையில் வரிசையாக வைத்துக்கொண்டு, அதை மட்டும் குடித்தான். மழையில்லாத மாதங்களில் உதடு வெடித்துக் கண் உள்ளே போய், ஆறடி ஆள் வேலிக்கம்பம் மாதிரி ஆகிவிடுவான். ஆனால் மாடுகளுக்குத் தீனி தவறியதில்லை. அக்கா மேல் கை பட்டதும் இல்லை. அவள் கையிலிருந்த கிளாஸைப் பிடுங்கிக் கொட்டிவிட்டு, "உனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது ஆர்லி" என்று அழுவான். அவ்வளவுதான்.

ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன நிலத்தில், அதே வீட்டில் இருந்தார்கள். ஊரில் கேலனுக்கு 'மழைக்காரன்' என்று பெயர் விழுந்தது. தீவனக் கடைக்குப் போனால், "என்ன மழைக்காரா, எப்பப்பா பெய்யும்? எங்க சோளம் காயுது, உன் ஆளுங்ககிட்ட கொஞ்சம் சொல்லேன்" என்பார்கள். ஒருமுறை எவனோ அவன் கண்ணெதிரிலேயே அவனுடைய காபியில் மாட்டு மருந்துப் பொடியைக் கலப்பதுபோல் பாசாங்கு செய்தான். கேலன் கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஆர்லிஸ் சும்மா இருக்கவில்லை. ஊர் கிளினிக்கில் டோரீன் என்று ஒரு நர்ஸ். அங்கே மனநல டாக்டர் என்பவர் எப்போதாவது ஒரு டிவி திரையில் தோன்றுவார். பல மாதம் காத்திருந்து முறை வந்தபோது, கேலன் திரையைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்து போய்விட்டான். "அந்தப் பெட்டிக்குள்ள இருக்கறவன்தான் எல்லாத்தையும் எழுதிக்கறான்" என்றான். டோரீன் உதட்டைப் பிதுக்கினாள். "வரமாட்டேன்னா நான் என்ன செய்யட்டும் ஆர்லிஸ்? எங்ககிட்ட இருக்கறது இந்தப் பெட்டி ஒண்ணுதான்."

பிறகு, மாட்டுச் சந்தைக்கு என்று பொய் சொல்லி, அரைநாள் வண்டி ஓட்டி, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். சின்னப் பையன் மாதிரி இருந்த டாக்டர் கேட்டான்: தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறதா? இல்லை சார். யாரையாவது அடிக்க? இல்லை சார். இன்றைக்கு என்ன கிழமை? கேலன் கிழமையைச் சொன்னதோடு, அன்றைய கன்றுக்குட்டி விலையையும் சேர்த்துச் சொன்னான். டாக்டர் சிரித்து அனுப்பிவிட்டான். திரும்பும் வழியெல்லாம் கேலன் சந்தோஷமாக இருந்தான். "பாத்தியா ஆர்லி, டாக்டரே சொல்லிட்டாரு, எனக்கு ஒண்ணுமில்லன்னு. நீதான் என்னவோ கவலைப்படற."

கடைசியில் மாவட்டப் போலீஸ் தலைவன், ஷெரீப் மெர்ல் ராவ்ஷிடம் போனாள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன்; ஒரு காலத்தில் அவளை நடனத்துக்குக் கூப்பிட்டவனும்கூட.

"உன்னை அடிச்சானா?"

"இல்ல."

"கத்தி, துப்பாக்கி?"

"ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டான், மெர்ல். ஆனா செத்துக்கிட்டிருக்கான்."

"அப்ப அடிக்கட்டும், அப்புறமா வா." தன் தமாஷுக்குத் தானே சிரித்தான். பிறகு மேஜையிலிருந்து காலை இறக்கினான். "இங்க பாரு ஆர்லிஸ். யாருக்காவது ரத்தம் வந்தா நான் கைவைக்கலாம். நான் கைவெச்சா கோர்ட் பாக்கும். கோர்ட் பாத்தா, மாநிலத்தோட கிழக்குக் கோடியில இருக்கற மனநல ஆஸ்பத்திரியில படுக்கை கிடைக்கும். ரத்தம் வரலேன்னா அவன் வெறும் கிறுக்கன். இந்த நாட்டுல கிறுக்கனா இருக்க எல்லாருக்கும் உரிமை உண்டு."

அந்தக் கோடையில் மழையே இல்லை. ஜாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கேலன் ஒரு நாளைக்கு ஒரு கோப்பை என்று வைத்துக்கொண்டான். மாட்டுக் கொட்டிலில் ஒருமுறை மயங்கி விழுந்தான். அவன் சிறுநீர் கழித்த இடத்தில் மண் தேநீர் நிறத்தில் கிடந்ததை ஆர்லிஸ் பார்த்தாள். அன்றிரவு மெர்ல் சொன்னது அவளுக்குத் தமாஷாகப் படவில்லை. வழி சொல்லிக்கொடுத்ததாகவே பட்டது.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போய், மிச்சமிருந்த ஜாடிகளை எடுத்துத் தரையில் அடித்து உடைக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு, கையில் மண்வாரியோடு கேலன் ஓடிவந்தான்.

"ஆர்லி, வேண்டாம். அது செப்டம்பர் வரைக்கும் வேணும்."

இன்னொன்றை உடைத்தாள். அவன் அடிக்கவில்லை. மண்வாரியைக் கீழே போட்டு, மண்டியிட்டு, கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் தேங்கியதை உள்ளங்கையில் அள்ளப் பார்த்தான். கை கிழிந்தது. "பரவால்ல, பரவால்ல, உனக்கு உடம்பு சரியில்ல போல" என்றான், அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

ஜாடிகள் தீர்ந்துவிட்டன. அவன் இன்னும் அடிக்கவில்லை. வேறு என்ன செய்வது என்று ஒரு கணம் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது.

அவர்கள் அம்மா செத்தது பனி உறைந்த சாலையில். வண்டி ஓட்டியவன் கேலன். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. அந்த வீட்டில் யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

"அம்மா உடனே சாகல, தெரியுமா உனக்கு?" என்றாள் ஆர்லிஸ். "ஆஸ்பத்திரியில கண்ணைத் தொறந்தா. நான் பக்கத்துல இருந்தேன். என்ன சொன்னா தெரியுமா? 'அவனை உள்ள விடாதே. அவன் மூஞ்சியில முழிச்சுட்டுச் சாக எனக்கு இஷ்டமில்ல'ன்னா."

அம்மா கண் திறக்கவே இல்லை. சாலையிலேயே முடிந்துவிட்டாள்.

கேலன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் அவன் கைகளைப் பிடித்து இழுத்து விலக்கி, இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது, அவன் எடுத்து வீசிய மண்வாரியின் பிடி அவள் கன்னத்தில் இறங்கியது.

அவள் விழுந்ததும் அவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அவளை அள்ளி பிக்கப் வண்டியில் போட்டு, தானே கிளினிக்குக்கு ஓட்டினான். வழியெல்லாம் தன் சட்டையை, ரத்தம் வழிந்த அவள் காதில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தான். டோரீன் போன் செய்ய, மெர்ல் வந்து விலங்கு மாட்டும்வரை வாசல் படியிலேயே காத்திருந்தான். உடைந்த தாடையோடு படுத்திருந்த ஆர்லிஸுக்கு, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. மெர்ல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே?" என்று மட்டும் பல்லிடுக்கில் கேட்டாள்.

"ஆஸ்பத்திரியா? ஆயுதத்தால அடிச்சிருக்கான். முதல்ல ஜெயில். படுக்கை காலியானா சொல்லி அனுப்புவாங்க. அவனுக்கு முன்னாடி வரிசையில நிறைய பேரு."

ஜெயில் என்பது கோர்ட் கட்டடத்தின் மாடியில் சில அறைகள். அங்கே குழாய்த் தண்ணீர். அவன் குடிக்கவில்லை. தூரத்து ஊரில் பெய்த மழைத் தண்ணீரைத் தெரிந்தவர்களிடம் கெஞ்சி வாங்கி, ஆர்லிஸ் ஜாடியில் கொண்டுபோனாள். கண்ணாடி உள்ளே போகக்கூடாது என்றார்கள். பிளாஸ்டிக்கில் கொண்டுபோனாள். மெர்ல் வாசலிலேயே மறித்தான்.

"வெளித் தண்ணி கூடாது. அதுவும் உன் கையால கூடவே கூடாது. நீ அடிபட்டவ. அவன் உன்கிட்ட நெருங்கக்கூடாதுன்னு ஜட்ஜ் உத்தரவு போட்டிருக்காரு."

"அவன் எங்க நெருங்கறான்? நான்தானே வந்திருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"மெர்ல், நான்தான் அவனை அடிக்க வெச்சேன். நீதானே சொன்னே, ரத்தம் வந்தா..."

மெர்ல் சுற்றுமுற்றும் பார்த்தான். "நான் தமாஷுக்குச் சொன்னேன். இதை இன்னொருத்தர்கிட்ட சொல்லாதே. பொய் வாக்குமூலம் குடுத்ததுக்கு நீயும் மாடிக்குப் போவே. அப்புறம் உங்க மாடுகளை யாரு பாக்கறது?"

அவள் பாட்டிலோடு வீடு திரும்பினாள். அடுத்த வாரமே, காவலாளி காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிடப் போனபோது கேலன் சுவரோரம் சுருண்டு கிடந்தான். ஹெலிகாப்டர் வந்து தூக்கிப்போனது. உயிர் பிழைத்தது, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. டயாலிசிஸ் வேண்டிய ஆளை மாடியில் வைத்திருக்க முடியாது என்று மாவட்டம் கைகழுவியது. அப்போதுதான், அத்தனை நாள் இல்லாத படுக்கை, கிழக்குக் கோடி ஆஸ்பத்திரியில் காலியானது. அங்கே ஊசி போட்டார்கள். ஊசி வேலை செய்தது. பனிக்காலம் முடிவதற்குள் தெளிந்துவிட்டான்; குழாய்த் தண்ணீரைப் பார்த்துத் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறான் என்று போனில் ஒரு நர்ஸ் சொன்னாள். ஆர்லிஸ் சுவரில் சாய்ந்து நின்று அழுதாள். அவன் அறையைத் துடைத்து, புதுப் போர்வை விரித்தாள்.

வசந்தத்தில் வழக்கு வந்தது. தடை உத்தரவை நீக்கி, தம்பியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆர்லிஸ் கேட்டாள். ஜட்ஜ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "அடிபட்டவங்க எல்லாரும் இப்படித்தான் வந்து கேப்பாங்க. கேலன் ட்வீட், நீங்க என்ன சொல்றீங்க?"

கேலன் எழுந்தான். உடம்பு ஊதியிருந்தது. கண் மட்டும், வெகுகாலத்துக்கு முன்னால் ஆர்லிஸுக்குத் தெரிந்த கண்.

"உத்தரவு அப்படியே இருக்கட்டும்மா."

"கேலன்," என்றாள் ஆர்லிஸ். அந்த அடியில் கேளாமல்போன காதின் பக்கம் அவன் நின்றதால் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு எல்லாம் நினைவிருக்கு," என்று அவன் ஜட்ஜிடமே சொன்னான். "கிணத்துல மருந்து கலந்தாங்கன்னு நெனச்சது வியாதி. அது இப்ப தெரியுது. ஆனா அம்மா சொன்னதா இவ சொன்னது வியாதியில வந்த குரல் இல்ல. இவ குரல்தான். அதைக் கேட்டுட்டு என்னால ஒரே வீட்டுல இருக்க முடியாது."

"அது பொய் கேலன்! அம்மா ஒண்ணுமே சொல்லல. உனக்கு வைத்தியம் கிடைக்கணும்னுதான்..."

அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"இருக்கலாம். ஆனா நீ இப்ப எதைச் சொன்னாலும் எனக்குத் தெரியலையே, ஆர்லி, எது பொய்யின்னு."

ஜட்ஜ் கையெழுத்துப் போட்டாள். வீட்டில் அவனுடைய பங்கை விற்றுக்கொள்ளலாம், நகரத்தில் டயாலிசிஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் இருக்கலாம் என்று வக்கீல் படித்தார்.

ஆர்லிஸ் வெளியே வந்து தன் வண்டியில் உட்கார்ந்தாள். சாவியைப் போடவில்லை. மெர்ல் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"அவனை இப்ப வெளியில கொண்டுவராங்க. நீ இங்க நிக்கக்கூடாது. வண்டியை எடு."

"ஒரு நிமிஷம் மெர்ல். தூரத்துலருந்து பாத்துட்டுப் போயிடறேன்."

"எடு ஆர்லிஸ். உன் பாதுகாப்புக்குத்தான்."

அவள் வண்டியை எடுத்தாள்.