குமுதாவின் முதலாளி

திங்கட்கிழமை நேர்காணலுக்குப் போக வேண்டியவள் குமுதா. ஆனால் மூன்று நாளாக வீட்டில் பயிற்சி நடந்ததெல்லாம் அவள் புருஷனுக்குத்தான்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு மேற்பார்வையாளர் வேலை. முதலில் பழைய முதலாளிக்குப் போன் போட்டு விசாரிப்போம், அவர் சொல்வது சரியாக இருந்தால்தான் நேர்காணல் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பழைய முதலாளி யார்? கிள்ளானில் பதினோரு வருஷம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தி மூடிய கமலநாதன். அவள் கழுத்தில் தாலி கட்டிய சாட்சாத் அதே கமலநாதன்!

இதற்கு முன் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டபோது, அனுபவம் என்ற கட்டத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்றுதான் எழுதினாள். புருஷன் கடையில் நிற்பதெல்லாம் ஒரு வேலையா? சம்பளச் சீட்டு உண்டா, இ.பி.எஃப். உண்டா? விடியுமுன் பாசாருக்குப் போய் மீன் பார்த்து வாங்கியதும், ஆறு வேலையாட்களைக் கட்டி மேய்த்ததும் குடும்பம் நடத்துவதில் சேர்த்தி என்றே நினைத்திருந்தாள் பாவம். இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை. மூன்றாவது விண்ணப்பப் பாரத்தில் அவளுக்கே கோபம் வந்து, ஒன்று விடாமல் எழுதினாள். எழுத இடம் பத்தவில்லை. விசாரிக்க வேண்டியவர் என்ற இடத்தில் கமலநாதன் பெயரையும், பக்கத்தில் 'முதலாளி' என்றும் எழுதினாள்.

அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"முதலாளிக்கு இன்னும் தே ஓ வரலையே லா!"

"வேணும்னா எந்திரிச்சு வந்து தேத்தண்ணிய நீங்களே கலக்கிக்குங்க. அவங்க கேட்டா என்ன சொல்வீங்க?"

"பங்க்சுவல். ஹார்ட் ஒர்க்கிங். ஆனஸ்ட்."

"அப்புறம்?"

"மீன் கறி வச்சா தெருவே மணக்கும்."

"ஐயோ, அதெல்லாம் வேணாங்க! வேற எதுவும் பேசாதீங்க. புருஷனான்னு கேட்டா மறைக்காதீங்க, கேக்காட்டி நீங்களா சொல்லாதீங்க."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. சோறு பொட்டலம் கட்ட வந்த ஆளை நிறுத்திவைத்து அரைமணி நேரம் கதை பேசி, பொட்டலம் ஆறிய பிறகு அனுப்பிய வாய் அது. அந்த வாயை நம்பித்தான் இப்போது அவள் வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், பாதிச் சாப்பாட்டில் போன் வந்தது. குமுதா ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"ஹலோ, மிஸ்டர் கமலநாதன்? நான் விஷ்ணுப்ரியா, எச்.ஆர்.லேருந்து பேசறேன். தமிழ்லேயே பேசலாமா அங்கிள்?"

கமலநாதன் எழுந்து நின்று, இடது கையால் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூன்று வார்த்தையையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். குமுதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஓகே அங்கிள். அவங்க ஏன் வேலைய விட்டாங்க?"

இந்தக் கேள்வி பயிற்சியில் இல்லை.

"அவங்க விடலம்மா. நான்தான் கடைய மூடிட்டேன்."

"ஏன் அங்கிள்?"

போதும், போதும் என்று குமுதா கையை ஆட்டினாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

"காஜாங்ல இன்னொரு கடை போட்டேன். ஒரு சமையல்காரர வச்சிக்கிட்டு ரெண்டு கடை ஓட்ட முடியாது, வேணாம் வேணாம்னு அவங்க தலபாடா அடிச்சுக்கிட்டாங்க. நான் கேக்கல. ரெண்டும் போச்சும்மா."

கடை மூடி மூன்று வருஷம். இடைப்பட்ட காலத்தில் கமலநாதன் சொல்லாத காரணம் கிடையாது. வாடகை என்பார், நேரம் சரியில்லை என்பார், காஜாங்காரனுக்குக் குச்சியில் சுட்ட சாத்தே இறைச்சியை விட்டால் வேறெதுவும் இறங்காது என்பார். இந்தக் காரணத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. குமுதாவும் ஒருநாள்கூடக் குத்திக்காட்டியதில்லை. இப்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே, இந்த மனுஷன் என் வேலைக்கு வேட்டு வைக்கிறாரே என்று ஆத்திரமும் வந்தது.

"திரும்பக் கடை திறந்தா அவங்கள வேலைக்கு எடுப்பீங்களா அங்கிள்?"

"மாட்டேன்மா."



"மாட்டீங்களா?"

"இனிமே அவங்கதான் திறக்கணும். நான் போயி வேலை கேப்பேன். எடுப்பாங்களான்னுதான் தெரியல."



"அங்கிள், அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் குமுதாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"நான் அவங்க வீட்டுக்காரர்மா."

"நெனச்சேன்! ஆன்டி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன்மா," என்றாள் குமுதா.

"வீட்டுக்காரங்க புகழ்ந்தா நாங்க கணக்குல எடுக்கமாட்டோம் ஆன்டி. ஆனா தப்பு என் பேர்லதான்னு சொன்ன முதலாளிய இன்னைக்குத்தான் பாக்கறேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க."

போன் அணைந்தது. கமலநாதன் உட்காரவில்லை. கையில் சோறு காய்ந்துபோயிருந்தது.

"ரொம்ப பேசிட்டேனா?"

"மூணு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே நீங்க."

"உன் மூஞ்சிய பாத்து சொல்ல வெக்கமா இருந்துச்சு குமுதா. அந்தப் பொண்ணு யாரோ எவரோ. சொல்லிட்டேன்."

குமுதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தாள். தட்டில் சூடாகச் சோறு போட்டாள்.

"எடுப்பேன்," என்றாள். "ஆனா கேஷியர்ல ஒக்கார விடமாட்டேன். பின்னால பாத்திரம் கழுவுங்க."

"சரி முதலாளி," என்றார் கமலநாதன்.