பட்டினி கிடந்த ஆவாரை

சாலையை அகலப்படுத்தியவர்கள் பிடுங்கிப் போட்டிருந்த ஆவாரங்கன்று ஒன்றை, தையற்கடையிலிருந்து திரும்பும் வழியில் எடுத்துவந்து பின்வாசலில் நட்டாள் அவள். மூன்று வருஷம் பிள்ளையைப் போல வளர்த்தாள். காலையும் மாலையும் தண்ணீர், நடுவில் அரிசி கழுவிய நீர், மக்கிய சாணம். செடி கொழுகொழுவென்று மதிலைத் தாண்டியது. பூ மட்டும் வரவில்லை.

"வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்குது. பூக்க அதுக்கு ஏது நேரம்?" என்பார் அவள் கணவர். அவர் லிப்ட் மெக்கானிக்.

"உங்க கண்ணுதான் பட்டிருக்கு. பேசாம இருங்க."

தங்கையின் பிரசவத்துக்காக அவள் ஊருக்குக் கிளம்பினாள். அவர் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று கேட்கவில்லை. செடியைப் பற்றியே சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஊற்றினார். மறுநாள் ஓர் ஆஸ்பத்திரியில் லிப்ட் பழுது, அதை அடுத்து ஓர் அடுக்குமாடி. வீட்டுக்கு வந்தால் அவர் கண்ணுக்குக் கட்டில் மட்டுமே தெரிந்தது.

"தண்ணி ஊத்துறீங்கல்ல?" என்று போனில் கேட்பாள்.

"ஜோரா இருக்கு" என்று கூசாமல் சொல்வார்.

பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் ஓடிப்போனது. "நாளைக்கு வர்றேன்" என்று அவள் சொன்ன பிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாளியோடு ஓடினார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இலை பாதி உதிர்ந்திருந்தது. 'தொலைந்தேன்' என்று குனிந்தவர் அப்படியே நின்றார். கிளை நுனியெல்லாம் விரியக் காத்திருக்கும் மொட்டு. வாளியை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

மறுநாள் தோளில் பையோடு நேரே பின்வாசலுக்குப் போனாள். செடி முழுக்க மஞ்சள். தேனீக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன.

"என்னங்க போட்டீங்க இதுக்கு?"

"ஒண்ணும் போடலை. முதல் நாளுக்கு அப்புறம் தண்ணியே ஊத்தலை."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்போ தினமும் போன்ல சொன்னது?"

"பொய்தான். போன ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லலை. அன்னிக்கு நீ கூப்பிடலை."

திட்டத்தான் வாயைத் திறந்தாள், சிரிப்பு முந்திக்கொண்டது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "ஊட்டி ஊட்டி நான்தான் கெடுத்திருக்கேன்."

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "என்னடி, வந்ததும் வராததுமா? என்ன விசேஷம்?"

"ரெண்டு விசேஷம்க்கா. எதை முதல்ல சொல்ல?"

சொல்லிக்கொண்டே ஒரு கொத்தைப் பறித்துக் கொடுக்கக் கை நீட்டினாள். மனம் வரவில்லை. "நீங்களே இந்தப் பக்கம் வந்து பாருங்கக்கா" என்றாள்.