இரண்டாவது பிரேக் இல்லாத படகு

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் டீச்சர் காலடியில். இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவள் அவள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லுவாள். அதன் லட்சணம் அவளுக்குத்தான் தெரியும். பாதி நேரம் வண்டியை ஓட்டுவதே இவள் கால்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஐம்பத்திரண்டு வயதில் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி தேடிக் கிளம்பினாள். ஆசையாவது மண்ணாவது! தண்ணீரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. எல்லாம் வீட்டுக்காரர் செய்த வேலை. போன வருஷம் நெஞ்சுவலி வந்து இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பிய மனிதர், ஆறே மாதத்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி நிறுத்தினார். "போகலாம், ஆனா தனியாப் போகாதீங்க" என்றார் டாக்டர். ஆகவே ஞாயிறுதோறும் இவளும் புளிமூட்டை மாதிரி படகில் உட்கார்ந்து போய்வந்தாள். அவர் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுவார். இவள் கரை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்ப்பாள். இந்த மனுஷன் இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் என்ன செய்வது? துணைக்கு வந்தவளுக்குப் படகைத் திருப்பக்கூடத் தெரியாதே!

இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. கற்றுக்கொள்ள ஆசை என்று மட்டும் சொன்னாள்.

"நானே சொல்லித் தர்றேனே."

"வேண்டாங்க. புருஷன்கிட்ட கார் கத்துக்கிட்டவங்க எல்லாம் கடைசியில அழுதுக்கிட்டு என்கிட்டதான் வர்றாங்க."

முதலில் போன பள்ளி கண்ணாடிக் கட்டடம். கறுப்புக் கண்ணாடி போட்ட வாத்தியார் அவளை ஒரு சுற்று அழைத்துப்போனார். சுக்கான் கட்டையைத் தள்ளினால் படகு திரும்பும். அதை அவள் கையில் கொடுத்தார். "சூப்பர் மேடம், பிறக்கும்போதே கத்துக்கிட்டு வந்தீங்களா?" என்று வேறு கேட்டார். கட்டையின் நுனியில் அவருடைய இரண்டு விரல்கள் கடைசிவரை இருந்தன. யாரிடம் காட்டுகிறார் இந்த வித்தையை!

"ஓட்டுறவர் திடீர்னு விழுந்துட்டா, கூட இருக்கிறவ படகைக் கரைக்குக் கொண்டு வரணும். அது எத்தனையாவது கிளாஸ்ல வரும்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் மூணாவது லெவல் மேடம். அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம் வரை ஸ்டென்ட் யாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது?

இரண்டாவது பள்ளியில் இரண்டே நாளில் சர்டிஃபிகேட், போட்டோவோடு. அதே கேள்விக்கு, "ஒரு ஃபோன் அடிங்க, பத்து நிமிஷத்துல ரெஸ்க்யூ போட் வந்துடும்" என்றார்கள். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தவள் அவள். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாவது ஒரு தகரக் கொட்டகை. ஒட்டுப்போட்ட படகுப் பாயை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்த குண்டு வாத்தியார், நிமிர்ந்து பார்த்து, "எதுக்கு அக்கா கத்துக்கணும்?" என்றார். அந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. மடமடவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப லைஃப் ஜாக்கெட்டை நல்லா இறுக்கிக் கட்டுங்க. வாங்க."

கட்டையையும் பாயின் கயிற்றையும் முதலிலேயே அவள் கையில் கொடுத்துவிட்டு, கைக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "கட்டையை எந்தப் பக்கம் தள்ளுறீங்களோ, படகு அதுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். கயிறை விட்டா பாய் துவண்டு, படகு நின்னுடும். அதான் உங்க பிரேக்."

"உங்ககிட்ட ஒரு பிரேக் இருக்கா?"

"இல்லக்கா. அது ஒண்ணுதான்."

ஒன்றரை மணி நேரம் போனார்கள், வந்தார்கள். பிறகு அந்த மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் படகின் அடித்தட்டில் மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ, என்னாச்சு?"

"விழுந்துட்டேன் அக்கா. இனிமே பேச மாட்டேன்."

அவரும் வீட்டுக்காரர் அளவு ஆகிருதிதான். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை ஓரமாகக் கிடந்தது. எதைப் பார்க்கக் கூடாது என்று ஆறு ஞாயிறாகப் பயந்தாளோ, அதே காட்சி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கட்டையைத் தள்ளினாள், தவறான பக்கம். பாயின் கீழ்க்கழி தலைக்கு மேலே விசுக்கென்று போனது. கயிற்றை விட்டாள். படகு நின்றது. மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். பக்கத்தில்தான் தெரிந்த படகுத்துறைக்கு வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. டமாரென்று மோதியபோது வாத்தியார் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தார்.

"மோதிட்டேனே."

"பெயின்ட்தான் போச்சு. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க."

அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"அந்தத் தகரக் கொட்டகையா? அங்க உட்கார ஒரு நாற்காலி உருப்படியா கிடையாதே. அதைப் போய் ஏன்?"

"அந்த வாத்தியார் நல்லா விழுந்து கிடக்கிறார்."

அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டார். பிறகு, "நீ ஆசைக்காகக் கத்துக்கல, இல்ல?" என்றார்.

"இல்லீங்க. பயத்துல."

"நானும் நினைச்சிருக்கேன். நான் சாஞ்சுட்டா நடுக்கடல்ல நீ தனியா என்ன பண்ணுவேன்னு. சொன்னா நீ வர மாட்டே. அப்புறம் நானும் போக முடியாது. அதான் வாயைத் திறக்கல."

தெரிந்தே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்! அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் கொட்டகைக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு. படகு துறையை விட்டு நன்றாக வெளியே வந்ததும் அவர் பாட்டை நிறுத்தினார். கட்டையையும் கயிற்றையும் அவள் கையில் கொடுத்தார்.

"எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கணும்?"

"எந்தப் பக்கம் விழுவீங்கன்னு யாருக்குத் தெரியும்? படுங்க."

படுத்தார். காற்றில் பாய் படபடத்தது. அவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பயப்படாதே, நான் இருக்கேன்."

"இல்லீங்க, நீங்க இல்ல. கண்ணை மூடுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கரைக்குத் திரும்ப, கட்டையை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளினாள்.