கூடப்பிறந்தவர் யாருமில்லை

சரண்யாதேவிக்குப் பன்னிரண்டு வயது. உயரம் ஆறடியை எட்டிக்கொண்டிருந்தது. ஆம்பளைச் செருப்புதான் காலுக்கு ஏறும். ஓயாத தலைவலி வேறு. பக்கவாட்டில் வருகிற வண்டி அவள் கண்ணில் படுவதில்லை என்று தெரிந்த பிறகுதான் சமயநல்லூரிலிருந்து மதுரைக்கு டாக்டரிடம் கூட்டி வந்தார்கள்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அதுதான் வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். சில குடும்பங்களில் இது மரபணு வழியாக வரும். தாயிடம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டுப் பிள்ளைக்கு இறங்கவும் செய்யும். சொந்தத்தில் இப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள், சின்ன மகளையும் இப்போதே சோதித்துவிடலாம் என்றார்.

"எங்க வகையில யாருமில்ல" என்றான் தகப்பன் சிவக்குமார். அவன் மனைவி முனீஸ்வரியும், தன் பக்கம் யாருமில்லை என்று வாய் கூசாமல் சொன்னாள்.

ஆனால் இருந்தான். ஏழடி உயரத்தில் ஓர் அண்ணன், முத்துக்கருப்பன். டவுனில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தலைப்பாகை கட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிற வேலை அவனுக்கு. முனீஸ்வரியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் இவள் ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டார் அப்பா. அந்தப் பொய்யை அவள் பதினான்கு வருஷம் கட்டிக் காத்தாள். மகள்களுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் முறைக்குப் பெரியப்பா மகனின் மடியில் உட்கார வைத்தாள். ஒரு தீபாவளிக்கு அந்தக் கடைக்கே குடும்பத்தோடு போக நேர்ந்தது. அண்ணன் அவளுக்கும் ஒரு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டான். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே செத்திருப்பார்கள். இவள் உள்ளே போய்ச் சேலை எடுத்தாள்.

டாக்டரைப் பார்த்து வந்த பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவளின் பாதத்தை அடிக்கடி சாண் போட்டு அளந்து பார்த்தாள். மூன்றாம் நாள் கடை வாசலுக்குப் போய் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான்.

நீங்கள் யார் என்று டாக்டர் கேட்டார். முத்துக்கருப்பன் தங்கச்சியைப் பார்த்தான், சிவக்குமாரைப் பார்த்தான்.

"தெரிஞ்சவன் சார். ரத்தம் எடுக்கணும்னாக, அதான் வந்தேன்."

அங்கேயும் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தான். முனீஸ்வரியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்கூடப் பொறந்த அண்ணே சார்" என்றாள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒரே பிள்ளைன்னுதான சொன்னாக?" என்று சிவக்குமார் எழுந்துவிட்டான். சரண்யாதேவி, தன் கைகளைப் போலவே இருந்த மாமனின் பெரிய கைகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சியப் பொண்ணு பாக்க வாரப்ப, என்னையும் இல்லன்னு சொல்லிருவியாம்மா?"