காது கேட்கிறவர்கள் வெளியே நிற்கவும்

மதராஸில் இருக்கும் கிறிஸ்தவ ஊழிய சங்கம் எனக்கு நூற்றைம்பது அட்டைகள் அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு படம்: வீடு, நெருப்பு, சண்டை, பொய், மன்னிப்பு. காது கேளாத ஒருவரை எதிரே உட்காரவைத்து, படத்தைக் காட்டி, அதற்கு அவர் கையால் என்ன சொல்கிறார் என்று பாரத்தில் எழுத வேண்டும். பம்பாய்த் தமிழ்ச் சபைகளைச் சுற்றியிருக்கும் காது கேளாதவர்களுக்கு ஒரு சைகை மொழி இருக்கிறதா, தாராவிக்காரர் பேசுவது செம்பூர்க்காரருக்குப் புரிகிறதா என்பதுதான் சங்கத்துக்குத் தெரிய வேண்டியது. மொழி இருந்தால் அதிலேயே வேதபாடம் நடத்த ஆள் போடுவார்கள். இல்லையென்றால், உதட்டைப் பார்த்து ‘ஆ’, ‘ஊ’ என்று பழகுகிற பேச்சு வகுப்புதான்.

இது 1987 ஜனவரியில். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. மூன்று மாதமாக ட்யூட்டி முடிந்ததும் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு தாராவி, வடாலா, செம்பூர் என்று அலைந்து இருபத்திரண்டு பேரைப் பார்த்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லாப் பாரங்களையும் பரப்பிவைத்துக் கூட்டிப் பார்த்தேன். நாற்பது அட்டைகளுக்குக்கூட ஒழுங்கான சைகை இல்லை. வீடு என்றால் சுவரைக் காட்டியிருந்தார்கள். நெருப்புக்கு அடுப்பைக் காட்டியிருந்தார்கள். பொய்க்குத் தோளைக் குலுக்கிச் சிரித்திருந்தார்கள். ‘இவர்களிடம் இருப்பது வெறும் சாடை, மொழி என்று சொல்ல முடியாது’ என்று என் கைப்பட எழுதிவிட்டுப் பேனாவைச் சுவரில் வீசி எறிந்தேன்.

காரணம், என் தம்பி சுயம்பு. பிறவியிலேயே காது கேட்காது. இருபத்தைந்து வயது, தோல் பட்டறையில் கட்டிங் வேலை. எங்கள் சபையில், பேராயர் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் ஆனவர்களுக்குத்தான் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து. திடப்படுத்தல் ஆக வேண்டுமென்றால் போதகரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவனோடு ஞாயிறு பள்ளியில் இருந்த பயல்கள் எல்லாரும் எப்போதோ அதை முடித்துவிட்டார்கள். திருவிருந்து நேரத்தில் அவர்கள் இவன் முழங்காலைத் தாண்டிக்கொண்டு முன்னே போவார்கள். இவன் காலை ஒடுக்கிக்கொண்டு வழிவிடுவான். 

மார்ச்சில் பேராயர் வருகிறார், இந்தத் தடவை இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அருமைநாயகம் போதகரிடம் கேட்டிருந்தேன்.

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவனை எப்படிம்மா பேராயர் முன்னால நிறுத்துவேன்? ஒன் சர்வே வரட்டும் தவமணி, பாப்போம்” என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டியில் என் சர்வேயை வாசிப்பார்கள். நான் எழுதிய அந்த ஒரு வரியை வாசித்தால் போதும், சுயம்பு ஆயுசுக்கும் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் அவன் வழக்கம்போலப் பவுடர் பூசி, சட்டையை இன் பண்ணிக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று கையால் கேட்டேன். ‘வேலை’ என்று காட்டினான். பவுடர் பூசிக்கொண்டு எவன் தோல் வெட்டப் போகிறான்? குடிக்கத்தான் போகிறான் என்று முடிவுகட்டி, எரிச்சலோடு பின்னாலேயே நடந்தேன்.

அவன் மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் ஏறி ஒன்றாம் நம்பர் பிளாட்பாரத்தில் இறங்கினான். நான் பாலத்திலேயே நின்றுவிட்டேன். கீழே நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம். அத்தனை பேர் கைகளும் பேசிக்கொண்டிருந்தன. செம்பூர் ஆறுமுகத்தாய் எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று இங்கே இருப்பவர்களுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பூக்கடையில் மாலை கட்டுகிறவள் அவள். என் பாரத்தில் அவளுக்குப் பதினெட்டு அட்டைதான் தேறியிருந்தது. ஃபாஸ்ட் லோக்கல் ஒன்று நடுவே புகுந்தது. ஒன்பது பெட்டியும் போகிறவரை கைகளை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இந்தப் பக்கத்தில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுயம்பு குறுக்கே புகுந்து ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். அவன் கைகள் அந்த வேகத்தில் ஓடி நான் பார்த்ததே இல்லை.

 படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அத்தனை கைகளும் நின்றன. பிறகு மெதுவாக, பெரிது பெரிதாகக் காட்டினார்கள்: சாப்பிட்டாயா, நல்லா இருக்கியா. நான் மூன்று மாதமாகப் பாரத்தில் எழுதிவைத்த அதே சாடைகள்.

அவர்கள் நடுவே காது கேட்கிற பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் சாயிரா. வடாலாவில் பிளவுஸ் தைக்கிறாள். தாய், தகப்பன் இரண்டு பேருக்குமே காது கேட்காது என்பதால் சைகையிலேயே வளர்ந்தவள்.

“ஒங்களுக்குப் புரியணும்னுதான் அப்படிக் காட்டுதாங்க அக்கா” என்றாள் அவள். “கடைக்காரன்கிட்ட, பஸ் கண்டக்டர்கிட்ட பேசுத பேச்சு அது. காது கேக்குற ஆளு எதுக்க வந்து ஒக்காந்தா கை தன்னால மாறிரும். எங்க உம்மாவே வெளியாள் வந்தா அப்படித்தான்.”

“என் தம்பியுமா?”

“ஒங்ககிட்ட வேற எப்படிப் பேசுவான்? ஒங்களுக்குத் தெரிஞ்சது அம்புட்டுதானே.”

எனக்கு வெட்கமாக இருந்தது. சுயம்புவோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அவனோ இத்தனை காலமும் கைக்குழந்தையோடு பேசுவதுபோல என்னோடு பேசியிருக்கிறான். ஆனால் நின்று வெட்கப்பட நேரமில்லை. கமிட்டிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம்தான் இருந்தது. “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு எல்லாரையும் தாராவிக்குக் கூட்டிட்டு வர முடியுமா?” என்று சாயிராவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கணேசபாண்டியன் அண்ணாச்சி தாராவித் தொண்ணூறடி ரோட்டில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுக்கிறவர். மறுநாள் விடிந்ததும் தெரு முழுக்க எழுப்பிவிடுவதுபோல ஷட்டரைத் தட்டி அவரை எழுப்பினேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஏழு மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் கையிலேயே அட்டைகளைக் கொடுத்து, ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும்படி சாயிரா சொன்னாள். பிறகு கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன்: காது கேட்கிறவர்கள் வெளியே நிற்கவும்.

“கேமரா என்னோடதும்மா” என்றார் அண்ணாச்சி.

“பட்டனை அமுக்கிட்டு வெளிய வாங்க அண்ணாச்சி. நீங்க இருந்தா கெட்டுப்போயிரும்.”

சாயிரா உட்பட மூன்று பேரும் தெருவில் நின்றோம். உள்ளே தொடையில் தட்டுகிற சத்தமும் தரையை உதைக்கிற சத்தமுமாக இருந்தது. கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது வீட்டுக்கு இருந்தது, நெருப்புக்கு இருந்தது, பொய்க்கு மூன்று வகை இருந்தன. சாயிரா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்கு எழுதிக் கை வலித்தது.

கடைசியாக ஆறுமுகத்தாயைத் தனியாக உட்காரவைத்து, அவளுக்கு நடந்த ஏதாவது ஒன்றைக் கேமராவுக்குச் சொல்லச் சொன்னோம். சுயம்புவை அதற்கு முன்பே சர்ச்சுக்கு அனுப்பிவிட்டேன். சாயிரா எனக்குச் சொன்ன கதையை வைத்து ஐந்து கேள்விகள் எழுதிக் கவரில் போட்டு ஒட்டினேன். செம்பூர்க்காரி சொன்னது தாராவிக்காரனுக்குப் புரிந்தால்தான் கணக்கு.

கமிட்டி அறையில் டி.வி. வைத்து, சுயம்புவுக்கு அந்தக் கேசட்டை ஒரே ஒரு தடவை ஓட்டினோம். போதகர் கவரைக் கிழித்தார். கேள்வியை அவர் வாசிக்க, சாயிரா கையால் கேட்டாள். அவன் கை சொன்னதை அவளே வாயால் சொன்னாள்.

“எங்க போனா அந்தப் பிள்ளை?”

“அக்கா வீட்டுலருந்து செம்பூருக்கு, தன் வீட்டுக்கு.”

“கையில என்ன இருந்துச்சு?”

“தூக்குச்சட்டியில மீன் குழம்பு.”

வடாலாவில் மான்குர்த் வண்டிக்குப் பதில் பாந்த்ரா வண்டியில் ஏறியது, நெரிசலில் ஒரு போலீஸ்காரர் பேண்டில் குழம்பு கொட்டியது, அவர் கோபப்படாமல் என்ன மீன் என்று கேட்டது, எல்லாவற்றையும் கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டான். போதகர் என்னைப் பார்த்தார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

சுயம்பு கையை உயர்த்தினான். இன்னும் சொல்ல வேண்டுமாம்.

“‘இவ பொய் சொல்லுதா’ங்கான் ஐயா” என்றாள் சாயிரா. “சட்டியை மூடி போட்டுத் துணியால இறுக்கிக் கட்டுனேன்னு முதல்ல சொல்லுதா. கட்டுன சட்டி எப்படிக் கொட்டுச்சுன்னு கேக்கான்.”

பின்னால் உட்கார்ந்திருந்த ஆறுமுகத்தாய் எழுந்துவிட்டாள். மூக்கில் குத்துவதுபோல அவள் கை பறக்க, இவனும் விடவில்லை. “ரெண்டு பேரும் ஒண்ணா பேசுனா நான் எதைன்னு சொல்லுவேன்” என்று சாயிரா தலையில் கையை வைத்துக்கொண்டாள். போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மூடி விஷயத்தை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

“சரிம்மா, மொழி இருக்குன்னு எழுதிருதேன். இவ்வளவு சண்டை போட வேற எது வேணும்” என்றார்.

“அப்போ திடப்படுத்தல்?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னைத் தாண்டி சுயம்புவைப் பார்த்தார். “ஒனக்கு எதுக்குப்பா திருவிருந்து வேணும்? அவனைக் கேளும்மா.”

சாயிரா கேட்டாள். சுயம்பு கைகளை மடியிலிருந்து எடுத்தான். பிறகு போதகரைப் பார்த்து நிதானமாகப் பேசினான்.  சாயிரா போதகர் பக்கம் திரும்பினாள்.

“‘எனக்குப் பதில் சொல்லத் தெரியாதுன்னு சொன்னியளாமே’ங்கான் ஐயா. ‘இத்தனை வருசத்துல நீங்க கேட்ட முதல் கேள்வி இதுதான். பதில் நீளமா இருக்கு, ஒக்காருங்க’ங்கான்.”

போதகர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயிராவுக்கும் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன்.