மோகனன் போட்ட ஊசி

ஜெஸிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கொதித்தபோது, அவள் அப்பன் பொன்னுதாஸுக்குத் தாலுகாதான் பெரிதாக இருந்தது. மொழிவாரியாக மாநிலம் பிரிக்கிற நேரம்; நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும். சரி, சேர்க்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மலையாளிகள் கடையில் உப்புகூட வாங்கக்கூடாது என்று குன்னத்துகால் கூட்டத்தில் எழுந்து சொன்னவன் அவனேதான். ஊரில் ஊசி போடத் தெரிந்த ஒரே ஆளான கம்பவுண்டர் மோகனன் மலையாளி என்பது கைதட்டல் வாங்கும்போது அவனுக்கு நினைவில் இருந்திருக்காது.

"ஒரு எட்டு போயி மோகனன் சாரை விளிச்சிட்டு வாறேன்," என்றாள் அவன் மனைவி சரோஜம்.

"போகப்பிடாது. நான் நாளைக்கு நாலுபேரு மூஞ்சியில முழிக்கண்டாமா? பஸ் விட்டதும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்."

மறியலால் பாறசாலை வழியில் பஸ் ஓடவில்லை. இன்று ஓடும், நாளை ஓடும் என்றே நாலு நாள் போனது. சரோஜம் சுக்கும் துளசியும் அவித்துக் கொடுத்தாள், தைலம் தேய்த்தாள், ஜெபித்தாள். புருஷனுக்குப் பயந்து நடுங்குகிறவள் இல்லை அவள். ஊர் முன்னால் அவன் தலை குனியக்கூடாதே என்று ஒரு கிறுக்கு நினைப்பு, பாவி மகளுக்கு.

ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. சரோஜம் யாரிடமும் கேட்கவில்லை. வயல்வரப்பு வழியே ஓடினாள்.

மோகனன் மருந்துக்கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு சைக்கிளில் வந்தார். பென்சிலின் போட்டார். "நேரத்தே விளிச்சிருக்கலாமே, சேச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெஸியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மூச்சு நின்றபோது முதலில் அழுதது அவர்தான்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். மோகனன் வேலிக்கு வெளியே நின்றார். உபதேசியார் ஜெபத்தை முடித்ததுதான் தாமதம், பொன்னுதாஸின் கூட்டாளி விஜயதாஸ் மோகனனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"மலையாளத்தான் ஊசி போட்டு நம்ம பிள்ளையக் கொன்னுட்டான், பாத்தியளா? எலே, அவன விடப்பிடாது."

நாலைந்து பேர் வேலியை நோக்கி நகர்ந்தார்கள். சரோஜம் புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்னுதாஸ் காலடி மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

சரோஜம் குழியோரத்திலிருந்து எழுந்தாள்.

"அவர ஆரும் தொடப்பிடாது. நாலு நாளு விளிக்கப்பிடாதுண்ணு தடுத்தது பிள்ளைக்க அப்பனாக்கும். நானும் கேட்டுட்டு சும்மா இருந்தேன். கொன்னது நாங்க ரெண்டுபேரும்."

நகர்ந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவள் வேலிப்பக்கம் திரும்பினாள்.

"சாரே, உள்ள வாங்க. பிள்ளைக்கு முதல்பிடி மண்ணு நீங்க போடுங்க."

மோகனன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பொன்னுதாஸ் விலகி வழிவிட்டான்.